கியூஜிஐஎஸ்ஸில் அச்சு வரைபடம்: தாளில் தொடங்கி அடிமட்டத்தில் முடிக்கும் முழு வழிகாட்டி

கியூஜிஐஎஸ் என்பது கணினியில் வரைபடம் செய்யும் இலவச மென்பொருள். அதில் வரைபட வேலை பழக வருபவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஒரே வரிசையில்தான் போகிறார்கள். முதலில் தரவை இறக்குகிறார்கள். பிறகு திரையில் நிறம் கொடுத்து, பெயர்களை ஒவ்வொன்றாக நகர்த்தி, இரண்டு நாள் செலவழித்து அழகாக்குகிறார்கள். கடைசியில் தாளில் போட்டுப் பார்க்கும்போது பாதிப் பெயர்கள் காணாமல் போயிருக்கும், வீதிகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். "அக்கா, பேரெல்லாம் எங்க போச்சு?" என்று ஒரு தங்கச்சி கண் கலங்கக் கேட்டதில் இருந்து, தாளின் அளவைத் தீர்மானிக்காமல் யாரையும் மென்பொருளைத் திறக்க நான் விடுவதில்லை.

படிகளை விளக்க ஓர் உதாரணத்தையே முழுக்கப் பயன்படுத்துகிறேன். கொழும்பில் ஆடிவேல் திருவிழா நாளில் முருகன் தேர் செட்டியார் தெருவில் தொடங்கி, காலி வீதி வழியே பம்பலப்பிட்டி கதிரேசன் கோயில் வரை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வழியில் எங்கே தண்ணீர்ப் பந்தல், எங்கே முதலுதவி, எந்தக் குறுக்குத் தெருவால் வெளியேறலாம் என்று தொண்டர்கள் கையில் வைத்துப் பார்க்க ஒரு தாள் வேண்டும். நான் சொல்வது கியூஜிஐஎஸ்ஸின் 3ஆம் வரிசைப் பதிப்புகளுக்கு. மெனுப் பெயர்களைத் திரையில் தெரிகிறபடியே தமிழ் எழுத்தில் தருகிறேன்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு கொப்பியில் நான்கு விடயங்களை எழுதுங்கள். யார் பார்ப்பது, எவ்வளவு தூரத்தில் இருந்து பார்ப்பது, எந்தத் தாள், கலரா கறுப்பு வெள்ளையா. கையில் பிடித்துப் படிப்பதற்கும் அறிவித்தல் பலகையில் ஒட்டுவதற்கும் ஒரே படம் சரிவராது. பலகையில் ஒட்டும் படத்தைச் சனம் ஒரு மீற்றர் தள்ளி நின்று பார்க்கும், எழுத்து இரு மடங்காவது பெரிதாக வேண்டும்.

வீதிகள், கட்டடங்கள், கோயில்கள் முதலிய தரவை, பலர் சேர்ந்து உருவாக்கும் இலவச இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் இருந்து எடுக்கலாம். கியூஜிஐஎஸ்ஸில் சேர்க்கும் குயிக்ஓஎஸ்எம் என்ற செருகுநிரல் (பிளகின்) வேண்டிய இடத்துக்கு மட்டும் தரவை இறக்கித் தரும். இறக்கியதும் ஜியோபக்கேஜ் வடிவில் சேமியுங்கள். ஷேப்பைல் என்ற பழைய வடிவில், நிரலின் (அட்டவணைப் பத்தியின்) பெயர் 10 எழுத்தோடு வெட்டுப்படும். எழுத்துக் குறிமுறை (என்கோடிங்) பிசகினால் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறிகளாக மாறும். இந்த இரண்டுக்காகவும் நான் ஷேப்பைலைத் தொடுவதே இல்லை.

எல்லாக் கோப்புகளையும் ஒரே கோப்புறையில் போட்டு, புரொஜெக்ட் கோப்பையும் அதற்குள்ளேயே சேமித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். காரணத்தைக் கடைசிப் படியில் சொல்கிறேன்.

2. தாளையும் அளவுத்திட்டத்தையும் முதலில் முடிவு செய்தல்

இது பென்சிலால் செய்யும் கணக்கு. ஏ3 தாள் 297 க்கு 420 மில்லிமீற்றர். தேர் வரும் வழி வடக்குத் தெற்காக நீள்வதால் தாளை நிமிர்த்தி வைக்கிறோம். சுற்றிவர 10 மில்லிமீற்றர் விளிம்பு, மேலே தலைப்புக்கு 20. மிஞ்சுவது 277 க்கு 380.

அளவுத்திட்டம் என்பது தாளின் தூரத்துக்கும் தரையின் தூரத்துக்கும் உள்ள விகிதம். 1:15 000 என்றால் தாளில் ஒரு மில்லிமீற்றர் தரையில் 15 மீற்றர். 380 மில்லிமீற்றரில் 5.7 கிலோமீற்றர் அடங்கும். செட்டியார் தெருவும் பம்பலப்பிட்டியும் அதற்குள் வந்தாலும் இரண்டு முனையும் சட்டத்தோடு ஒட்டிக்கொள்ளும். வழியின் தொடக்கமும் முடிவும் விளிம்பில் நின்றால் பார்ப்பவருக்கு அதைத் தாண்டி என்ன இருக்கிறதென்று தெரியாது. 1:20 000 எடுத்தால் 7.6 கிலோமீற்றர் கிடைக்கும், இரு பக்கமும் மூச்சுவிட இடம் இருக்கும். ஆகவே 20 000.

1:18 437 மாதிரி ஓர் எண்ணை மென்பொருள் தானாகத் தரும். அதை ஏற்கவேண்டாம். 20 000 போல் சுலபமான எண்ணாக இருந்தால்தான் அச்சுக்குப் பிறகு அடிமட்டத்தால் (ரூலரால்) சரிபார்க்கலாம்.

3. ஆள்கூற்று முறையைச் சரிசெய்தல்

ஆள்கூற்று முறை (சிஆர்எஸ்) என்பது ஓர் இடத்தை எண்களால் குறிக்கும் முறை, ஒவ்வொரு முறைக்கும் ஈபிஎஸ்ஜி என்ற குறியீட்டு எண் உண்டு. புரொஜெக்ட்டின் ஆள்கூற்று முறையை ஈபிஎஸ்ஜி 5235 க்கு மாற்றுங்கள். அதுதான் 1999ஆம் ஆண்டின் இலங்கை நெய்யரி (கட்ட வலை). அலகு மீற்றர். அகலாங்கு நெட்டாங்கில், அதாவது 4326 இல் விட்டுவிட்டால் அலகு பாகையாகிவிடும். அப்போது அளவுத்திட்டத்தோடும் தூரத்தோடும் வீணாகப் போராட வேண்டிவரும்.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி. சுட்டியைக் கொழும்புக் கோட்டைப் பகுதியில் வைத்துக் கீழே தெரியும் எண்களைப் பாருங்கள். கிழக்கு எண் 4 இலட்சத்துக்கு அருகிலும் வடக்கு எண் 4 இலட்சத்து 90 ஆயிரத்தை ஒட்டியும் வந்தால் சரி. பழைய கண்டவளை நெய்யரியில், அதாவது 5234 இல், இதே இடம் 1 இலட்சம், 1 இலட்சத்து 90 ஆயிரம் என்று வரும். பழைய நெய்யரியின் தொடக்க எண் இரு பக்கமும் 2 இலட்சம், புதியதில் 5 இலட்சம். அதனால்தான் பழைய கோப்புக்குப் புதிய முறையின் பெயரைக் கொடுத்தால் கொழும்பு 300 கிலோமீற்றர் மேற்கேயும் 300 கிலோமீற்றர் தெற்கேயும் நகர்ந்து நடுக்கடலில் போய் நிற்கும்.

இங்கே எல்லோரும் செய்யும் தவறு ஒன்று. லேயரில் (வீதி, கட்டடம் என ஒவ்வொரு வகைத் தரவும் ஓர் அடுக்கு) வலது சொடுக்கி, செட் சிஆர்எஸ் மூலம் 5235 ஐத் தெரிவு செய்துவிட்டு, கோப்பு மாறிவிட்டது என்று நினைக்கிறார்கள். அது பெயர்ச்சீட்டை மட்டுமே மாற்றும், உள்ளே இருக்கும் எண்கள் அப்படியே இருக்கும். உண்மையாக மாற்ற வேண்டுமானால் முதலில் அந்தக் கோப்பின் சரியான பழைய முறையைக் கொடுத்துவிட்டு, பிறகு ரீபுரொஜெக்ட் லேயர் கருவியால் புதிய கோப்பு எடுக்க வேண்டும்.

4. தமிழ்ப் பெயர்களை ஒழுங்காக்குதல்

எனக்கு மிகவும் அக்கறையான பகுதி இது. தமிழில் வரைபடம் செய்வோம் என்று தொடங்கிப் பாதியில் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுபவர்கள் இங்கேதான் சோர்ந்துபோகிறார்கள்.

ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் ஓர் இடத்துக்குப் பொதுப்பெயர் நிரலோடு தமிழ், சிங்களம், ஆங்கிலப் பெயர்களுக்கும் தனித்தனி நிரல்கள் இருக்கலாம். ஆனால் எல்லாத் தெருவுக்கும் தமிழ்ப் பெயர் நிரப்பப்பட்டிருக்காது. லேபிளுக்குத் தமிழ் நிரலை மட்டும் கொடுத்தால் பாதித் தெரு பெயரில்லாமல் நிற்கும். அதனால் எக்ஸ்பிரஷன் பெட்டியில் கோஅலெஸ் என்ற சார்பைப் பயன்படுத்தி, முதலாவதாகத் தமிழ் நிரலையும் இரண்டாவதாகப் பொதுப்பெயர் நிரலையும் கொடுங்கள். தமிழ் இல்லாத இடத்தில் பொதுப்பெயர் வரும். ஒரு பெயரை அடித்துவிட்டுப் பிறகு அழித்திருந்தால் அந்தக் கட்டம் 'நல்' (மதிப்பே இல்லாத நிலை) ஆக இல்லாமல் வெற்றுச் சொல்லாக இருக்கக்கூடும், அங்கே இந்தச் சார்பு வேலை செய்யாது. அப்படியான கட்டங்களைத் தேடி 'நல்' ஆக்குங்கள்.

நம்முடைய அலுவலகங்களில் இருந்து வரும் அட்டவணைகளில் இன்னொரு தொல்லை, யுனிகோட் அல்லாத பாமினி எழுத்துரு. பாமினியில் அடித்த பெயர் உள்ளே வெறும் ஆங்கில எழுத்தும் குறிகளும்தான். அந்த எழுத்துரு போட்டால் மட்டும் தமிழாகத் தெரியும். லேபிளுக்கு வேறு எழுத்துரு கொடுத்த உடனே குப்பையாகிவிடும். அட்டவணையை இணைப்பதற்கு முன்பே ஒரு மாற்றியில் போட்டு யுனிகோட்டுக்கு மாற்றிவிடுங்கள். மாற்றிய பிறகு ஒருமுறை கண்ணால் வாசியுங்கள், எங்காவது ஓர் எழுத்து பிசகியிருக்கும்.

எழுத்துருவுக்கு நொட்டோ சான்ஸ் தமிழ் அல்லது விண்டோஸோடு வரும் நிர்மலா போதும். எழுத்துகளுக்கு இடையே இடைவெளி கொடுப்பது, தெருவின் வளைவோடு பெயரை வளைப்பது, இரண்டையும் தவிர்க்கச் சொல்வேன். "கொட்டாஞ்சேனை" என்று ஒருமுறை வளைத்துப் போட்டபோது, முதல் எழுத்தின் கொம்பு ஒரு பக்கமும் கால் இன்னொரு பக்கமும் பிரிந்து நின்றது. இடத்தைத் தெரிந்தவர்களுக்குக்கூட வாசிக்க முடியவில்லை. வீதிப் பெயர்களுக்குக் கேர்வ்ட் என்பதை விட்டு பரலல் என்பதைத் தெரிவு செய்தால் பெயர் கோட்டுக்கு இணையாக, உடையாமல் நிற்கும்.

5. அச்சு அளவில் நின்றுகொண்டே நிறமும் கோடும் கொடுத்தல்

திரையின் கீழ்ப் பட்டையில் அளவுத்திட்டத்தை 1:20 000 என்று அடியுங்கள். உருப்பெருக்கம் 100 சதவீதத்தில் இருக்கட்டும். இனி வேலை எல்லாம் இந்த அளவில் நின்றுதான். பெரிதாக்கிப் பார்த்தால் பார்த்துவிட்டுத் திரும்பி வாருங்கள்.

கோட்டின் தடிப்பை மில்லிமீற்றரில் கொடுங்கள், பிக்சலில் வேண்டாம். நான் இந்தப் படத்துக்கு எடுப்பது சிறு தெருக்களுக்கு 0.3, பிரதான வீதிகளுக்கு 0.8, தேர் வரும் வழிக்கு 1.6. சின்னக் கணக்கு போல் தெரிந்தாலும் 1.6 மில்லிமீற்றர் இந்த அளவுத்திட்டத்தில் தரையில் 32 மீற்றர். அதைவிடத் தடித்தால் பக்கத்துத் தெருவை விழுங்கிவிடும். தமிழ் எழுத்துக்குக் கையில் பிடிக்கும் தாளில் 7 புள்ளிக்குக் கீழே போகாதீர்கள். "ஞ்", "ழு" போன்றவை அதற்குக் கீழே கறுப்புப் பொட்டாகிவிடும். நான் 8 வைக்கிறேன்.

லேபிள்களைக் கையால் நகர்த்துவது இதற்குப் பிறகுதான். மென்பொருள் அந்த அளவுத்திட்டத்தில் எந்தப் பெயர் எதோடு மோதுகிறது என்று பார்த்துத்தான் சிலவற்றை மறைக்கிறது. அளவுத்திட்டம் மாறினால் மோதலும் மாறும், நீங்கள் நகர்த்தி வைத்ததெல்லாம் பொருந்தாமல் போகும். மேலே சொன்ன தங்கச்சி 1:4000 இல் நின்று நூற்றுக்கு மேற்பட்ட பெயர்களை நகர்த்தியிருந்தாள்.

கடல் பற்றி ஒரு சொல். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் கரையோரம் ஒரு கோடாக மட்டுமே வரும், கடல் ஒரு பரப்பாக வராது. அதனால் தரையை ஒரு பரப்பாகப் போட்டு, பின்னணிக்கு வெளிர் நீலம் கொடுப்பதுதான் வழி. தரைக்கு எல்லைக் கோப்பு ஒன்றை எடுக்கும்போது அதன் வயதைப் பாருங்கள். துறைமுக நகருக்காகக் காலி முகத்திடலுக்கு வடக்கே 269 ஹெக்டயர் கடல் நிரப்பப்பட்டது. 2014க்கு முந்திய கோப்பில் அந்த இடம் இன்னும் கடல்தான்.

6. லேஅவுட்டைத் திறந்து சட்டத்தை வைத்தல்

லேஅவுட் என்பது அச்சுத் தாளை அடுக்கும் தனிச் சாளரம். தொடங்குமுன், செட்டிங்ஸ், ஒப்ஷன்ஸ், லேஅவுட்ஸ் பகுதியில் இயல்பு எழுத்துருவைத் தமிழ் எழுத்துருவுக்கு மாற்றிவிட்டால், பிறகு தலைப்பு, குறிவிளக்கம் என்று ஒவ்வொன்றாய் மாற்றும் வேலை மிச்சம்.

கொன்ட்ரோலும் பி எழுத்தும் அழுத்தினால் புதிய பிரின்ட் லேஅவுட் பெயர் கேட்கும். "லேஅவுட் 1" என்று விடாமல் "ஆடிவேல் ஏ3" என்று பெயர் வையுங்கள். வெறுந்தாளில் வலது சொடுக்கி, பேஜ் புரொப்பர்ட்டீஸில் ஏ3, போர்ட்ரெயிட் என்று மாற்றுங்கள். தாளை மாற்றாமல் வரைபடத்தை வைத்தால், பிறகு தாள் மாறும்போது எல்லாவற்றையும் திரும்ப அடுக்க நேரும்.

இனி அட் மேப். சுட்டியால் எப்படியாவது ஒரு பெட்டி வரைந்துவிட்டு, ஐட்டம் புரொப்பர்ட்டீஸில் பொசிஷன் அன்ட் சைஸ் பகுதியில் எண்ணாகவே கொடுங்கள். இடமிருந்து 10, மேலிருந்து 30, அகலம் 277, உயரம் 380. பிறகு அளவுத்திட்டத்தில் 20000. இந்த வரிசை முக்கியம். சட்டத்தின் அளவை மாற்றும்போது அளவுத்திட்டமும் மாறியிருக்கலாம், ஆகவே எதை மாற்றினாலும் கடைசியாக அந்த எண்ணைத் திரும்பப் பாருங்கள்.

படத்தை நகர்த்த இரண்டு கருவிகள் இருப்பது புதியவர்களைக் குழப்புகிறது. வி விசை சட்டத்தையே நகர்த்தும். சி விசை சட்டம் அசையாமல் உள்ளே இருக்கும் படத்தை நகர்த்தும். இப்போது வேண்டியது சி. தேர் வழி தாளின் வலது மூன்றில் ஒன்றில் விழும்படி இழுத்து வையுங்கள். கொழும்பில் படம் செய்பவர்களுக்குக் கிடைத்த வசதி இது. மேற்கே முழுக்கக் கடல், அங்கே யாருக்கும் தெரு தேவையில்லை. குறிவிளக்கமும் உட்படமும் (ஒரு பகுதியைப் பெரிதாக்கிக் காட்டும் சிறு படம்) அங்கே போகும், ஒரு கோயிலையும் மறைக்க வேண்டியதில்லை.

7. புறக்கோட்டைக்கு ஓர் உட்படம்

1:20 000 இல் காலி வீதி தெளிவாகத் தெரியும். ஆனால் புறக்கோட்டையின் குறுக்குத் தெருக்களும் செட்டியார் தெருவின் சுற்றும் ஒரு கைவிரல் நுனிக்குள் அடங்கிவிடும். தொண்டர்களுக்கு அதிகம் தேவைப்படுவதே அந்த இடம். ஆகவே இன்னொரு அட் மேப் போட்டு, 100 க்கு 120 மில்லிமீற்றரில், 1:5000 இல் உட்படம் வையுங்கள். 500 மீற்றருக்கு 600 மீற்றர் அதில் வரும்.

இரண்டு படங்களுக்கும் ஒரே லேயர்கள் பொருந்தாது. உட்படத்தில் கட்டடங்கள் வேண்டும், பெரிய படத்தில் வேண்டாம். லேயர் பலகையில் கண் போன்ற குறியை அழுத்தி "பெரிய படம்", "உட்படம்" என்று இரண்டு தீம்களை (எந்த லேயர்கள் தெரியவேண்டும் என்ற பட்டியல்களை) சேமித்து, ஒவ்வொரு சட்டத்துக்கும் ஃபொலோ மேப் தீம் என்பதில் அதனதன் தீமைக் கொடுங்கள். இதைச் செய்யாமல் விட்டால், பிரதான திரையில் ஒரு லேயரை அணைத்த கணமே லேஅவுட்டிலும் அது அணைந்துவிடும். "நான் ஒன்றும் செய்யவில்லை, தானாகப் போய்விட்டது" என்று சொல்பவர்கள் எல்லோருக்கும் நடந்தது இதுதான்.

பெரிய படத்தின் ஓவர்வியூஸ் பகுதியில் உட்படத்தைச் சேர்த்தால், அது எந்த இடம் என்று ஒரு பெட்டி தானாக விழும்.

8. அளவுகோடும் குறிவிளக்கமும் மற்றவையும்

அளவுகோட்டை ஆறுதலாகச் செய்யுங்கள். சேர்த்ததும் அது எந்தப் படத்தோடு இணைந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். உட்படத்தோடு இணைந்திருந்தால் நான்கு மடங்கு பொய் சொல்லும். அலகு கிலோமீற்றர், ஒவ்வொரு துண்டும் 0.5, இடப்பக்கத் துண்டு 0, வலப்பக்கத் துண்டு 4. மொத்தம் 2 கிலோமீற்றர். 1:20 000 இல் 2 கிலோமீற்றர் என்பது தாளில் சரியாக 10 சென்ரிமீற்றர். அடிமட்டத்தை வைத்தால் உடனே தெரியும்படி வேண்டுமென்றே இந்த நீளத்தை எடுக்கிறேன். அலகுப் பெயர் பெட்டியில் "கி.மீ." என்று தமிழிலேயே அடிக்கலாம்.

"1:20 000" என்ற எண்ணை மட்டும் போட்டுவிட்டு, அளவுகோட்டைப் போடாமல் இருந்துவிடாதீர்கள். யாராவது இந்த ஏ3 தாளை ஏ4 இல் போட்டோ கொப்பி எடுப்பார்கள். அப்போது படம் 71 சதவீதமாகச் சுருங்கி, உண்மை அளவு ஏறத்தாழ 1:28 300 ஆகிவிடும். எண் மாறாது, கோடு படத்தோடு சேர்ந்து சுருங்கும்.

குறிவிளக்கத்தில் ஓட்டோ அப்டேட் என்பதன் சரி அடையாளத்தை எடுத்துவிட்டு, லேயர்களின் பெயரை மனிதர் வாசிக்கும் தமிழுக்கு மாற்றுங்கள். பார்த்ததும் புரிகிறவற்றை, உதாரணமாகக் கடலை, நீக்கிவிடுங்கள். பந்தலும் முதலுதவியும் மேலே, வீதி வகைகள் கீழே. தேடுகிறவர் முதலில் தேடுவது பந்தலைத்தான்.

வடக்கு அம்புக்கு ஒரு சிறிய குறி போதும். தலைப்பில் இடமும் நாளும் இருக்கட்டும். கீழ் மூலையில் "© ஓபன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள்" என்றும் தரவு இறக்கிய திகதியையும் போடுங்கள். பெயர் குறிப்பிடுவது அந்தத் தரவின் உரிம நிபந்தனை. திகதி இருந்தால் அடுத்த வருடம் இதே தாளை எடுப்பவர் பழையதா என்று தெரிந்துகொள்வார்.

9. கோப்பாக எடுத்தல்

லேஅவுட் அமைப்பில் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி). பிடிஎஃப் ஆக எடுக்கும்போது எழுத்துகளைப் பாதைகளாக (வரைந்த கோடுகளாக) எடுக்கும் தெரிவைத் தேர்ந்தெடுங்கள். எழுத்துகளாகவே எடுத்தால், கடைக் கணினியில் திறக்கும்போது தமிழ் உருக்குலைந்துபோக வாய்ப்பிருக்கிறது.

பிடிஎஃப் மங்கலாக வந்தால் ஒரு லேயரின் ஒப்பாசிட்டியையோ பிளென்டிங்கையோ மாற்றியிருப்பீர்கள். அது படத்தைப் புள்ளிகளாக்கிவிடக்கூடும். ஒப்பாசிட்டியைத் திரும்ப 100 ஆக்கி, வெளிர்மையை நிறத்தின் உள்ளேயே கொடுங்கள்.

பின்னணிக்கு இணையத்தில் வரும் ஓடுகளை (சதுரத் துண்டுகளாக வரும் ஆயத்த வரைபடப் படங்களை) போட்டவர்களுக்கு இங்கே ஏமாற்றம் காத்திருக்கும். 300 டிபிஐயில் மென்பொருள் இன்னும் நெருக்கமான மட்டத்து ஓடுகளை எடுக்கும், அதிலுள்ள பெயர்கள் எறும்பளவாகிவிடும். நாம் தரவை இறக்கி நாமே நிறம் கொடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

10. ஒரு தாள் மட்டும் எடுத்து அடிமட்டத்தை வைத்தல்

கொமினிகேஷனுக்கு (அச்சும் போட்டோ கொப்பியும் எடுக்கும் கடைக்கு) போய் முதலிலேயே ஐம்பது தாள் எடுக்காதீர்கள். ஒன்று எடுத்து, அங்கேயே நின்று அளவுகோட்டில் அடிமட்டத்தை வையுங்கள். ஒருமுறை எனக்கு 9.7 சென்ரிமீற்றர் வந்தது. அச்சுப் பெட்டியில் ஃபிட் என்ற தெரிவு இருந்திருக்கிறது, பிரின்டர் தன் விளிம்புக்காக முழுப் படத்தையும் 97 சதவீதமாக்கியிருந்தது. அக்சுவல் சைஸ் என்று மாற்றச் சொன்னதும் 10 வந்தது. விளிம்புக்கு 10 மில்லிமீற்றர் விட்டிருந்ததால் ஒன்றும் வெட்டுப்படவில்லை.

பிறகு அந்தத் தாளைக் கறுப்பு வெள்ளையில் ஒரு கொப்பி எடுத்துப் பாருங்கள். சிவப்புப் பந்தலும் பச்சை முதலுதவியும் ஒரே சாம்பல் ஆகிவிட்டால், நிறத்தை விட்டு வடிவத்தால் பிரியுங்கள். பந்தலுக்குத் துளி, முதலுதவிக்குக் கூட்டல் குறி. லெமினேட் பண்ணுவது இவையெல்லாம் முடிந்த பிறகு.

தாளை எடுத்துக்கொண்டு செட்டியார் தெருவில் ஒரு நூறு மீற்றராவது நடந்து பாருங்கள். மூடிய ஒழுங்கை, மாறிய பெயர்ப்பலகை, ஒருவழிப் பாதை எல்லாம் அங்கேதான் தெரியவரும்.

11. அடுத்தவர் திறக்கும்படி சேமித்தல்

லேஅவுட் புரொஜெக்ட் கோப்புக்குள்ளேயே இருக்கும். ஆனால் தரவு அதற்குள் இராது. புரொஜெக்ட் கோப்பை மட்டும் பென்டிரைவில் கொடுத்தால், அடுத்தவர் திறக்கும்போது லேயர்களைக் காணவில்லை என்று ஒரு பெட்டிதான் வரும். அதற்காகத்தான் முதற்படியில் எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் போடச் சொன்னேன். அந்தக் கோப்புறையை முழுதாகக் கொடுங்கள், கோப்புப் பாதைகள் ரிலேட்டிவ் (புரொஜெக்ட் கோப்பின் இடத்தைச் சார்ந்தவை) என்று புரொஜெக்ட் அமைப்பில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

தலைப்பு, சட்டம், அளவுகோடு எல்லாம் அடுக்கிய இந்த அமைப்பை சேவ் அஸ் டெம்பிளேட் மூலம் தனியாக எடுத்து வைக்கலாம். அடுத்த படத்துக்கு அதைத் திறந்து, இடத்தையும் அளவுத்திட்டத்தையும் மாற்றி, அளவுகோட்டின் துண்டு நீளத்தைத் திரும்பக் கணக்கிட்டால் போதும். 1:10 000 என்றால் 10 சென்ரிமீற்றருக்கு 1 கிலோமீற்றர், துண்டுக்கு 0.25.